கொண்டல் வீசும் நாளில் கோடியக்கரை

வடக்கிலிருந்து ஏறத்தாழ நேர்கோட்டில் இறங்கிவரும் சோழமண்டலக் கடற்கரை, வேதாரண்யத்துக்குத் தெற்கே வந்ததும் சட்டென்று மேற்கே மடங்குகிறது. அந்த மடிப்பின் மூலைதான் கோடியக்கரை. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, வடக்கே உப்பளங்கள், மேற்கே அதிராம்பட்டினம் வரை நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நீளும் பெரிய சதுப்பு. 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தப் பகுதி, 2002-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலுக்குள் நுழைந்த முதல் ஈரநிலம் இதுதான்.

சைபீரியாவின் வடகோடியிலிருந்தும் திபெத்தின் உயர்ந்த ஏரிகளிலிருந்தும் கட்ச் வளைகுடாப் பக்கமிருந்தும் பறவைகள் இங்கே வந்து சேர்கின்றன. ஆகஸ்டில் முதல் கூட்டங்கள் இறங்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை உச்சம். வங்கக்கடலில் புயல் சின்னங்கள் அடுத்தடுத்து உருவாகும் காலமும் கிட்டத்தட்ட அதுவே. ஆக, ஆர்க்டிக்கின் குளிரைத் தவிர்க்கப் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்துவரும் உயிர்கள், வடகிழக்குப் பருவமழையின் நட்டநடுவில் வந்து தங்குகின்றன.

இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட ஒரு டிசம்பர் நாளைப் பற்றியது. தென்மேற்கு வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று நின்றிருந்தது. நாகப்பட்டினம் துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். கோடியக்கரை மீனவர்கள் படகுகளை மேட்டுக்கு இழுத்துவிட்டு வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்திய வானிலைத் துறையின் கணக்கில், மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வேகக் காற்று இருந்தால் அது தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் புயல். அன்றைய காற்று முதல் வகை. நின்று பேச முடியும், ஆனால் குரலை உயர்த்த வேண்டும்.

இப்படிப்பட்ட நாளில் பறவை பார்க்கப் போவது வீண் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமைதியான காலையில் ஒரு பறவையின் நிறம் தெரியும், அலகின் வடிவம் தெரியும், நடை தெரியும். அந்த அலகும் காலும் இறகும் என்ன வேலைக்காக அப்படி அமைந்தன என்பது, காற்றும் மழையும் அடிக்கும் நாளில்தான் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. பறவையின் வாழ்வு ஓர் ஆற்றல் கணக்கு. தின்பது வரவு, உடலைச் சூடாக வைப்பதும் பறப்பதும் செலவு. மோசமான வானிலை வரவைக் குறைத்துச் செலவைக் கூட்டுகிறது. அப்போது ஒவ்வோர் இனமும் என்ன செய்கிறது என்று பார்ப்பதே அன்றைய வேலை.

காற்று சாய்க்கும் நீர்

விடிந்ததும் முதல் கேள்வி, பறவைகள் எந்தப் பக்கம் இருக்கும் என்பது. வனத்துறையில் நெடுங்காலமாக வேலை பார்க்கும் காவலர் ஒருவர் உடன் வந்தார். அவரிடம் கேட்டேன்: “இன்னிக்கு எங்க நின்னா நல்லது அண்ணே?”

“கொண்டல் கெளம்பிட்டா சதுப்புத் தண்ணி மேக்கால ஓடிடும் சார். இந்தப் பக்கம் சேறு தெறக்கும். குருவி எல்லாம் கெழக்கதான் வரும், பாருங்க” என்றார்.

அவர் சொன்னதில் ஒரு முழு இயற்பியல் பாடம் இருக்கிறது. கோடியக்கரையில் கடல் ஏற்ற இறக்கம் பெரிதில்லை. உயர்ந்த நீருக்கும் தாழ்ந்த நீருக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இருக்காது. குஜராத்தின் காம்பே வளைகுடாவிலோ வடமேற்கு ஐரோப்பாவின் கரைகளிலோ நடப்பதுபோல், பல மீட்டர் நீர் வடிந்து சேறு வெளிப்படும் ஒழுங்கான கடிகாரம் இங்கே கிடையாது. இந்தச் சதுப்பில் எங்கே தண்ணீர், எங்கே சேறு என்பதைக் கடல் ஏற்றத்தோடு மழையும் காற்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

நீர்ப்பரப்பின் மேல் காற்று வீசும்போது அது நீரைத் தன் திசையில் இழுக்கிறது. ஆழமான நீர்நிலையில், மேலே தள்ளப்பட்ட நீர் அடியில் திரும்பி ஓடிச் சமன் செய்துகொள்ளும். முழங்கால் அளவே ஆழமுள்ள சதுப்பில் திரும்பி ஓட இடம் குறைவு; நீர் ஒரு பக்கம் குவிகிறது. தாம்பாளத்தில் நீர் ஊற்றி ஒரு விளிம்பைச் சற்றே தூக்கினால் என்ன ஆகுமோ அதுதான். ஆழம் எவ்வளவு குறைவோ அவ்வளவு அதிகம் சாய்வு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சாய்வு நான்கு மடங்கு. அரை மீட்டர் ஆழமும் ஐந்து கிலோமீட்டர் நீளமும் கொண்ட நீர்ப்பரப்பில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று நிலையாக வீசினால், இரு கரைகளுக்கும் இடையே ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீர்மட்ட வித்தியாசம் உண்டாகும் என்று கணக்கிடலாம்.

பதினைந்து சென்டிமீட்டர் நமக்குச் சிறிய அளவு. கொசு உள்ளானுக்கு அது உலகத்தையே மாற்றும் அளவு. அதன் கணுக்காலின் நீளம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்தான். வளைமூக்கு உள்ளானுக்கு 3 சென்டிமீட்டர், கருவால் மூக்கனுக்கு 7 சென்டிமீட்டர் அளவில். பூநாரை மட்டும் முழங்கால் நீரிலும் கவலையின்றி நடக்கும். சதுப்பின் தரை மிக மெல்லிய சரிவு கொண்டது. அதனால் நீர்மட்டம் ஒரு சாண் ஏறினாலே நூற்றுக்கணக்கான மீட்டர் அகலச் சேறு மூழ்கிவிடும். மேற்கே மூழ்கிய சேற்றிலிருந்து கிளம்பிய சிறுகால் பறவைகள் எல்லாம், காவலர் சொன்னபடியே கிழக்கே புதிதாகத் திறந்த ஈரச் சேற்றுக்கு வந்து இறங்கின. அந்தச் சேற்றில் இருக்கும் புழுக்களும் பூச்சிகளின் முட்டைப்புழுக்களும் முந்தைய நாள்வரை நீருக்கடியில், யாரும் தொடாமல் இருந்தவை. கரையோரப் பறவைகளைப் பொறுத்தவரை வானிலை என்பது தலைக்கு மேலே நடப்பது மட்டுமில்லை. சாப்பாட்டுத் தளத்தையே அது நகர்த்திவைக்கிறது.

தரையோடு தரையாக

தொலைநோக்கியில் முதலில் கண்ணில் படுவது, எல்லாப் பறவையும் ஒரே திசை பார்த்து நிற்பதுதான். ஆயிரக்கணக்கான உடல்கள், எல்லா அலகும் வடகிழக்கே. இறகுகள் தலையிலிருந்து வாலை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. எதிர்க்காற்று அவற்றை உடலோடு ஒட்டி அழுத்துகிறது. பின்னாலிருந்து வீசும் காற்று அவற்றைத் தூக்கிவிடும். இறகுகளுக்கு அடியில் சிறைப்பட்டிருக்கும் வெதுவெதுப்பான காற்றடுக்கு கலைந்துபோகும். மழைநீர் தோலைத் தொடும்.

பறவையின் உடல் வெப்பம் 40, 41 டிகிரி செல்சியஸ். டிசம்பர் மழையில் கோடியக்கரையின் காற்று 23, 24 டிகிரிக்கு இறங்கும். நமக்கு இது பெரிய குளிரில்லை. ஆனால் கொசு உள்ளானின் எடை 20 முதல் 30 கிராம். உடல் சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிடும்போது வெப்பம் வெளியேறும் மேற்பரப்பு கூடுகிறது. நனைந்தால் இன்னும் சிக்கல். ஒரு கிராம் நீர் ஆவியாக 2.4 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அது உடலிலிருந்தும் பறிக்கப்படும். ஒரு கிராம் கொழுப்பை எரித்தால் கிடைப்பது 39 கிலோஜூல் அளவு. ஆக, இறகில் ஏறிய 16 கிராம் நீரை உடற்சூட்டால் மட்டுமே உலர்த்த வேண்டியிருந்தால் ஒரு கிராம் கொழுப்பு முழுதாகச் செலவாகிவிடும். முப்பது கிராம்கூட இல்லாத உடலில் ஒரு கிராம் கொழுப்பு பெரிய சேமிப்பு.

அதனால்தான் இந்தப் பறவைகள் நனையாமல் இருப்பதில் அவ்வளவு கவனமாக இருக்கின்றன. இறகின் நுண்கிளைகள் மிக நெருக்கமாகப் பின்னப்பட்டிருப்பதால், அவற்றின் இடைவெளிக்குள் மழைத்துளி இறங்க முடியாமல் உருண்டு ஓடுகிறது. வாலடிச் சுரப்பியின் எண்ணெய் அந்தப் பின்னலை உலர்ந்து உடையாமல் வைத்திருக்கிறது. மழைக்கு இடையில் கிடைக்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் பறவைகள் அலகால் இறகு கோதுவதைப் பார்க்கலாம். அது ஒப்பனை இல்லை; கூரை பராமரிப்பு.

அடுத்து, உயரம். காற்றின் வேகம் தரையை நெருங்க நெருங்கக் குறைகிறது. தரையின் உராய்வு காற்றின் கீழடுக்கைப் பிடித்து நிறுத்துகிறது. வழவழப்பான சேற்றுப் பரப்பில், நம் மார்பளவு உயரத்தில் வீசும் காற்றின் வேகத்தில் ஏறத்தாழ பாதிதான் தரையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் விசை கால் பங்கு. நாம் கூடாரத் துணியைப் பிடித்துக்கொண்டு தடுமாறும் அதே இடத்தில், காலை மடித்து வயிற்றைச் சேற்றில் பதித்துக் கிடக்கும் கொசு உள்ளானை அதில் நாலில் ஒரு பங்கு விசையே தாக்குகிறது. உப்பள வரப்பின் மறைவிலோ, மாட்டுக் குளம்பு பதிந்த குழியிலோ அது உட்கார்ந்துவிட்டால் இன்னும் குறைவு. ஒவ்வொரு குளம்புக் குழியிலும் ஒரு சிறு தலை மட்டும் தெரிவதை அன்று கண்டேன்.

கால்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. உடலிலிருந்து காலுக்கு இறங்கும் சூடான இரத்தக் குழாய்களும் காலிலிருந்து திரும்பும் குளிர்ந்த குழாய்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. இறங்கும் வெப்பம் ஏறும் இரத்தத்துக்கே கைமாறிவிடும். பாதம் குளிர்ந்திருந்தாலும் உடல் குளிராது. அதுவும் போதாதென்று, ஒரு காலை இறகுக்குள் இழுத்துக்கொண்டு மற்றொன்றில் நிற்கின்றன. மூக்கன்களின் கூட்டத்தில் பெரும்பாலானவை அன்று ஒற்றைக்காலில்தான் நின்றன.

மழை யாருக்கு உதவி, யாருக்கு இடைஞ்சல்

காலை ஒன்பது மணிக்குச் சாரல் வலுத்தது. அப்போது சேற்றில் இரண்டு கூட்டங்கள் இரண்டு விதமாக நடந்துகொண்டன. உப்புக்கொத்திகள் தின்பதை நிறுத்திவிட்டு வரப்போரம் ஒதுங்கின. உள்ளான்கள் நிறுத்தவே இல்லை.

உப்புக்கொத்திக்குக் குட்டையான அலகு, பெரிய கண். சற்று ஓடும், நிற்கும், பார்க்கும், கொத்தும். புழு தலை நீட்டும்போது சேற்றின் மேல் உண்டாகும் மெல்லிய அசைவுதான் அதன் தகவல். சில நேரம் ஒரு காலைச் சேற்றின் மேல் படபடவென்று நடுக்கி, இரையை அசைய வைத்துப் பிடிக்கும். மழைத்துளிகள் சேறு முழுவதையும் அசைய வைக்கும்போது இந்தத் தகவல் அழிந்துவிடுகிறது. பார்த்துத் தின்னும் பறவைக்கு மழை கண்கட்டு.

உள்ளான் தொட்டுத் தின்னும் பறவை. அதன் அலகு நுனியில், எலும்பின் நுண்குழிகளுக்குள், அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் திரளாக இருக்கின்றன. ஹெர்ப்ஸ்ட் நுண்ணுறுப்புகள் என்று அவற்றுக்குப் பெயர். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ‘ரெட் நாட்’ என்ற பறவையை வைத்து, நெதர்லாந்தின் தியூனிஸ் பியர்ஸ்மாவும் குழுவினரும் 1998-இல் ஓர் அழகான முடிவை வெளியிட்டார்கள். ஈர மணலில் அலகைக் குத்தும்போது மணல்துகள்களுக்கு இடையே உள்ள நீர் தள்ளப்படுகிறது. அந்த அழுத்த அலை புதைந்திருக்கும் சிப்பியில் தடுக்கப்பட்டு மாறுகிறது. சிப்பியைத் தொடாமலேயே அது அங்கே இருப்பதைப் பறவை அறிந்துகொள்கிறது. மணல் உலர்ந்தால் இந்த உணர்வு வேலை செய்யாது. ஈரம்தான் செய்தியைக் கடத்தும் ஊடகம்.

உள்ளான்களால் மேல்அலகின் நுனியை மட்டும் தனியே வளைத்துத் தூக்கவும் முடியும். வாய் முழுவதையும் திறந்தால் சேறு எதிர்க்கும். நுனி மட்டும் திறந்தால் ஆழத்தில் இருக்கும் புழுவைக் கவ்விக்கொள்ளலாம். மழை சேற்றை இளக்குகிறது, அலகு இறங்க எளிதாகிறது. உப்புக்கொத்திக்கு இடைஞ்சலான அதே சாரல், வளைமூக்கு உள்ளானுக்கு விருந்துக்கான அழைப்பாகிவிடுகிறது. ஒரே சேற்றில் ஏன் இத்தனை வகை அலகுகள் என்ற கேள்விக்கு, ஒன்றரை சென்டிமீட்டர் அலகுள்ள உப்புக்கொத்தி முதல் 15 சென்டிமீட்டரையும் தாண்டும் அலகுள்ள கோட்டான் வரை பக்கத்தில் பக்கத்தில் நின்ற அந்த மழைக்காலையே நேரடி விடை.

மழைக்கு இன்னொரு கொடையும் உண்டு. உப்புச் சதுப்பில் வாழும் பறவைகள் தின்னும் இரையோடு நிறைய உப்பும் உள்ளே போகிறது. கண்ணுக்கு மேலே உள்ள சுரப்பிகள் அந்த உப்பைப் பிரித்து மூக்கின் வழியே சொட்டவிடுகின்றன. கடற்பறவைகளிடம் இந்தச் சுரப்பியின் வேலையை 1950-களில் கண்டறிந்தவர் நுட் ஷ்மிட்-நீல்சன். உப்பை வெளியேற்றுவதும் ஆற்றல் செலவுதான். மழை நாளில் வரப்பு மேட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில் உள்ளான்கள் குடிப்பதையும் மூழ்கிக் குளிப்பதையும் பார்த்தால், அந்தச் செலவு ஒரு நாளாவது குறைகிறது என்று புரியும்.

அலைக்கு மேலே

பதினொரு மணிக்கு மழை ஓய்ந்ததும் கடற்கரைப் பக்கம் போனோம். அலை கலங்கி, பழுப்பாக உருண்டது. பழுப்புத்தலைக் கடற்காகங்கள் மணல்மேட்டின் பின்னால் உட்கார்ந்திருந்தன. திபெத்திய, மத்திய ஆசிய உயர் ஏரிகளில் முட்டையிடும் இனம் இது. ஆலங்கட்டி மழைக்கே பழகியது. கலங்கிய கடலில் தேடி அலைவதைவிட, உட்கார்ந்து காத்திருப்பது அவற்றுக்கு மலிவு.

ஆலாக்களுக்குக் காத்திருக்க அவ்வளவு வசதி இல்லை. பறந்தபடியே நீரைப் பார்த்து, ஓரிடத்தில் நின்று குறிபார்த்து, தலைகீழாகப் பாய்ந்து மீன் பிடிப்பவை அவை. மிதமான காற்று ஆலாவுக்கு உதவி செய்கிறது. எதிர்க்காற்றில் சிறகை விரித்தாலே உடல் தூக்கப்படும். ஓரிடத்தில் நிற்கச் சிறகடிக்கும் உழைப்பு குறையும். சற்றே சுளித்த நீர்ப்பரப்பில் மீன்களும் மேலே இருப்பதைப் பார்க்காது. காற்று ஓர் அளவைத் தாண்டினால் நிலைமை தலைகீழ். குறிபார்க்கும் இடத்தில் நிற்க முடியாது. நுரையும் கலங்கலும் மீனை மறைத்துவிடும். அன்று திறந்த கடலில் ஆலா ஒன்றுகூட இல்லை. எல்லாம் முனியப்பன் ஏரியின் பக்கம், காட்டின் மறைவில் அலையடங்கிய நீரின் மேல் வேலை செய்துகொண்டிருந்தன. பெரிய சிவந்த அலகோடு காஸ்பியன் ஆலா ஒன்று பாய்ந்து, மீனோடு எழுந்தது.

வல்லூறு வரும் நேரம்

பிற்பகலில் சேற்றின் மேல் இருந்த உள்ளான் கூட்டம் முழுவதும் ஒரே நொடியில் எழுந்தது. பொரி வல்லூறு. ஆர்க்டிக் சைபீரியாவில் கூடு கட்டும் வல்லூறுகளும் குளிர்காலத்தில் இந்தியக் கடற்கரைகளுக்கு வருகின்றன. கோடையில் அங்கே துரத்தியதும் துரத்தப்பட்டதும், குளிர்காலத்தில் இங்கேயும் எதிரெதிரே வந்து நிற்கலாம்.

கூட்டம் ஒரு பக்கம் வெண்மையாகவும் அடுத்த நொடி பழுப்பாகவும் மாறிமாறித் திரும்புவதைப் பார்ப்பவர் யாரும், யார் கட்டளை இடுகிறார் என்று கேட்காமல் இருக்க மாட்டார். வெய்ன் பாட்ஸ் என்ற ஆய்வாளர் ‘டன்லின்’ என்ற உள்ளானின் கூட்டங்களைப் படமெடுத்து 1984-இல் விடை சொன்னார். ஏதோ ஒரு பறவை திரும்புகிறது. அந்தத் திருப்பம் அலையாகக் கூட்டம் முழுவதும் பரவுகிறது. பரவும் வேகம், ஒரு தனிப்பறவை பக்கத்துப் பறவையைப் பார்த்துத் திரும்புவதற்கு வேண்டிய நேரத்தைவிட அதிக விரைவு. தொலைவில் வரும் அலையைப் பார்த்து, தன் முறை எப்போது என்று ஒவ்வொரு பறவையும் முன்கூட்டியே கணிக்கிறது என்பதே அவர் தந்த விளக்கம்.

புயல் சின்ன நாளில் இந்தக் காட்சியின் விலை அதிகம். சிறகடித்துப் பறப்பதற்கு ஆகும் செலவு, ஓய்வில் இருக்கும்போது ஆவதைப் போல் பத்து மடங்கு அளவில் இருக்கும். பலமான காற்றில் இன்னும் கூடும். காற்றின் இரைச்சலில் எச்சரிக்கைக் குரலும் சரியாகக் கேட்காது. அதனால் கூட்டம் அற்பக் காரணத்துக்கும் எழுந்துவிடுகிறது. வல்லூறு வெறுங்காலோடு திரும்பிப் போனது. ஆனாலும் அந்தச் சில நிமிடங்களில் ஒவ்வோர் உள்ளானும் காலையில் தின்றதில் ஒரு பங்கை எரித்துவிட்டது.

அழுத்தம் அறியும் செவி

புயல் வருவது பறவைகளுக்கு முன்பே தெரியும் என்று கரையோர மக்கள் சொல்வதுண்டு. அதற்கு உடலியல் அடிப்படை இருக்க வாய்ப்புண்டு. பறவைகளின் நடுச்செவியை ஒட்டி ஒரு சிறு பை இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியரான விட்டாலி அதை விவரித்தார். இன்று அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அதன் உள்ளே மெல்லிய மயிர் போன்ற உணர்செல்கள் உள்ளன. காற்றழுத்தம் மாறும்போது செவிப்பறை நகர்வதை இந்த உறுப்பு உணர்வதாகக் கருதப்படுகிறது. வட அமெரிக்கச் சிட்டு ஒன்றை வைத்து 2013-இல் வெளியான ஆய்வில், அழுத்தம் குறைக்கப்பட்டபோது பறவைகள் கூடுதலாகத் தின்றன. கெட்ட வானிலைக்கு முன் சேமித்துக்கொள்வது இதன் பயன்.

ஆறு ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் குறைந்தால் அது ஐம்பது மீட்டர் உயரம் ஏறுவதற்குச் சமம். பறக்கும் பறவைக்கு இது அன்றாடம் நடப்பது. தரையில் உட்கார்ந்திருக்கும்போதே அழுத்தம் மணிக்கு மணி இறங்கினால்தான் அது வானிலைச் செய்தி. இரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் இருந்தால் மட்டுமே இந்த உணர்வால் பலன்.

காற்றை எதிரியாக மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். பட்டைவால் மூக்கன் கோடியக்கரைக்கும் சிறு எண்ணிக்கையில் வருகிறது; அந்த இனத்தில் அலாஸ்காவிலிருந்து கிளம்பும் பறவைகள், தாழ்வழுத்தங்களின் பின்புறக் காற்றைப் பார்த்துப் புறப்படுகின்றன. 2022-இல் ஓர் இளம்பறவை அங்கிருந்து ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் கடந்தது. அதே ஆண்டு வெளியான ஜப்பானியக் கடல் ஆய்வு ஒன்று இன்னும் வியப்பானது. சூறாவளி நெருங்கும்போது ‘ஷியர்வாட்டர்’ என்னும் கடற்பறவைகளில் சில, அதன் கண்ணை நோக்கியே பறந்தன. நிலத்தின் மேல் வீசியெறியப்படுவதைவிடக் கடல்மேல் புயலின் நடுவில் இருப்பது அவற்றுக்குப் பாதுகாப்பு.

எல்லாப் பறவைக்கும் அந்த வழி இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் மணிக்கு 120 கிலோமீட்டர் அளவிலான காற்றோடு நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கோடியக்கரைக் காட்டின் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. மான்களும் பறவைகளும் மடிந்தன. இப்படிப்பட்ட புயல்களுக்குப் பிறகு, நடுக்கடலில் வாழும் ஃபிரிகேட் பறவைகளும் சூட்டி ஆலாக்களும் களைத்துக் கரையொதுங்குவது உண்டு. அவற்றைக் காணும் ஆர்வம் பறவை பார்ப்போருக்கு இயல்பு. அப்படி ஒதுங்கிய பறவை விருந்தாளி இல்லை, உயிருக்குப் போராடும் நோயாளி என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எண்ணும் முறை

மோசமான வானிலையில் நல்ல கணக்கு எடுப்பதற்குச் சில முறைகள் உண்டு. தொலைநோக்கியின் முக்காலியை முழு உயரத்துக்கு நீட்டாமல் தாழ்த்தி, உட்கார்ந்து பார்க்க வேண்டும். காற்று குறைந்த அடுக்கில் கருவியும் ஆடாது, பறவையும் மிரளாது. பறவைகள் காற்றுக்கு எதிராகத்தான் எழும்பும். காற்று வரும் பக்கமிருந்து நெருங்கினால், அவை நம்மை நோக்கியே எழ வேண்டியிருக்கும். அந்த நெருக்கடி அவற்றுக்குப் பேரச்சம். பக்கவாட்டில் நின்றால் முகம், அலகு, கால் எல்லாம் தெரியும், அவற்றின் வழியும் திறந்திருக்கும். நூறு பறவையை ஒன்றொன்றாக எண்ணி, அந்தக் கூட்டத்தின் அளவைக் கண்ணில் பதித்துக்கொண்டு மீதியை அளக்க வேண்டும். இடி இடித்தால் திறந்த உப்பளத்தில் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது. கூண்டு மேலும் ஏறினால் வீடு திரும்ப வேண்டும்.

வயதையும் குறித்துக்கொள்வது நல்லது. வளைமூக்கு உள்ளான் ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், சைபீரியாவின் தைமீர் தீபகற்பம் போன்ற இடங்களில் முட்டையிடுகிறது. அங்கே லெம்மிங் என்ற சிறு கொறிப்பான்கள் பெருகிய ஆண்டில் நரிகள் அவற்றைத் தின்று நிறைகின்றன, குஞ்சுகள் தப்புகின்றன. லெம்மிங் குறைந்த ஆண்டில் நரிகள் பறவைக் கூடுகளைத் தேடுகின்றன. ஆகவே தெற்கே எண்ணப்படும் இளம்பறவைகளின் பங்கு, வடக்கே அந்த ஆண்டு என்ன நடந்தது என்பதன் பதிவாகிறது.

குறைந்துவரும் கணக்கு

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலியின் காலத்திலிருந்தே கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. மூத்த ஆய்வாளர் எஸ். பாலச்சந்திரன் பல பத்தாண்டுகளை இங்கே செலவிட்டிருக்கிறார். அந்த நீண்ட பதிவுகள் சொல்லும் செய்தி கவலை தருவது: 1980-களில் இங்கே திரண்ட கரையோரப் பறவைகளில் சிறு பங்கே இப்போது வருகிறது. ஒரு காலத்தில் திரள்திரளாக வந்த சிறு உள்ளான்களின் வீழ்ச்சி தெளிவாகத் தெரிகிறது. 2024-இல் வெளியான உலகச் சிவப்புப் பட்டியலில் வளைமூக்கு உள்ளான் ‘அழியவாய்ப்புள்ள’ இனங்களோடு சேர்க்கப்பட்டது. அது வலசை வழியில் தங்கும் சேற்றுவெளிகள் பல நாடுகளில் அழிக்கப்பட்டது ஒரு காரணம். இங்கே, சதுப்புக்கு வரும் நன்னீர் குறைந்ததும் உப்பின் செறிவு ஏறியதும் இரையைக் குலைத்துவிட்டன.

ஒரு புயல் சின்ன நாள் முழுவதும் சேற்றின் ஓரம் உட்கார்ந்து பார்த்தால், இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றும் என்ன பொருள் கொண்டவை என்று விளங்கும். நீர்மட்டத்தில் ஒரு சாண், அலகில் சில சென்டிமீட்டர், உடலில் ஒரு கிராம் கொழுப்பு என்ற நூலிழையில்தான் இந்த உயிர்கள் நடக்கின்றன. காற்றையும் மழையையும் அவை சமாளிக்கும். அதற்கான உடல் அவற்றுக்கு இருக்கிறது. இரை வற்றிய சேற்றைச் சமாளிக்க எந்த உடலாலும் முடியாது. ஆகவே பறவைகளைப் பாதுகாப்பது என்பது முதலில் சதுப்புக்கு நல்ல தண்ணீர் போய்ச் சேரும் வாய்க்கால்களைப் பாதுகாப்பதுதான்.

வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. தன்னார்வலர்களால்தான் அது இயங்குகிறது. உங்கள் ஊர் ஏரியிலோ முகத்துவாரத்திலோ அதில் சேருங்கள். கூட்டம் பறப்பதைப் படம் பிடிக்கவென்று ஒருபோதும் பறவைகளை எழுப்பாதீர்கள். நாயையும் ட்ரோனையும் அந்தச் சேற்றின் பக்கம் கொண்டுவராதீர்கள். தூரத்தில் உட்காருங்கள், எண்ணுங்கள், எழுதி வையுங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ மழையில் நனைந்து எழுதிவைத்த எண்கள் இருந்ததால்தான், எவ்வளவு இழந்திருக்கிறோம் என்று இன்று நமக்குத் தெரிகிறது.